டிகிரிக்கு மேல் அக்குபங்சரும் சீன மூலிகையும் படிக்க: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று விசாரிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: படித்து முடித்துவிட்டு எந்த ஊரில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கப் போகிறீர்கள்? எம்.பி.ஏ.வோ கம்ப்யூட்டர் படிப்போ என்றால் எங்கே படித்தாலும் எங்காவது வேலை கிடைக்கும். இந்தப் படிப்பு அப்படி இல்லை. உரிமம் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் செல்லுபடியாகும் உரிமத்தை வைத்துக்கொண்டு நெல்லித்தோப்பில் போர்டு மாட்ட முடியாது. பெய்ஜிங்கில் வாங்கிய பட்டத்தோடு பாரிஸில் ஊசியைத் தொட்டால் வழக்கு வரும். ஆகவே ஊரை முதலில் முடிவு செய்து, அந்த ஊரில் உரிமத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதைக் கொடுக்கிற கல்லூரியைக் கடைசியில் தேடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏஜென்டுகளும் அப்படித்தான் செய்யவைக்கிறார்கள்.

உள்ளூரிலேயே இருக்கப் போகிறீர்களா?

அக்குபங்சர் நம் நாட்டுக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது. 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு பி.கே. பாசு என்கிற வங்காள மருத்துவரும் இருந்தார். அவர் 1958இல் மறுபடியும் சீனா போய் அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு வந்து கொல்கத்தாவில் தொடங்கினார். அதனால்தானோ என்னவோ, மேற்கு வங்கத்தில் 1996லேயே அக்குபங்சருக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் பிறகு வந்தது. மத்திய அரசு 2003இல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, தகுந்த பயிற்சி பெற்றவர்கள் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் இதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்து ஆணை போட்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மேற்கு வங்கம் போலத் தனிச் சட்டமும் பதிவு மன்றமும் கிடையாது. இந்த இடைவெளியில்தான் ஆறு மாத டிப்ளமோ, வார இறுதி வகுப்பு, 'ஹீலர்' சான்றிதழ் எல்லாம் முளைத்து நிற்கின்றன.

இங்கேயே முறையாகப் படித்து மருத்துவர் என்ற பதிவோடு அக்குபங்சர் செய்ய வேண்டுமென்றால் நேரான வழி இயற்கை மருத்துவமும் யோகாவும்தான். பி.என்.ஒய்.எஸ். படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம், அதற்குள்ளேயே அக்குபங்சர் ஒரு பாடமாக வரும். அதற்கு மேல் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் அக்குபங்சருக்கென்றே எம்.டி. இருக்கிறது, மூன்று வருடம். சிக்கல் என்னவென்றால் பி.எஸ்சி. முடித்தவர் இந்த எம்.டி.க்குள் நேராக நுழைய முடியாது, பி.என்.ஒய்.எஸ். கட்டாயம் வேண்டும். இருபத்தைந்து வயதில் மறுபடியும் ப்ளஸ் டூ மாணவர்களோடு உட்கார மனசு வருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வந்தால் அதுதான் இங்கே இருக்கப்போகிறவருக்குச் செலவு குறைந்த, சட்டப்படி உறுதியான வழி.

குறுகிய கால வகுப்புகளைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டுதலில், மருத்துவர் அல்லாதவர் அக்குபங்சர் சிகிச்சையாளராக 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். படித்தவர் சில குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதற்கே 200 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு வைத்து ஆறு மாதத்தில் முடிப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கணக்கைக்கூட விட்டுவிடலாம். வகுப்பில் 'இன்சுலினை நிறுத்தச் சொல்லுங்கள், பிபி மாத்திரை எல்லாம் விஷம்' என்று சொல்லிக்கொடுத்தால் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும். நம் பக்கத்து வகுப்புகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. சீனர்களின் ஐந்து கூறுகள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் பஞ்சபூதத்தில் காற்றும் ஆகாயமும் உண்டு, மரமும் உலோகமும் கிடையாது. இரண்டையும் போட்டுக் கலக்கி ஒரே பாடமாக நடத்துகிறார்கள், அதை மனப்பாடம் செய்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வு எழுதப் போனால் முதலில் அதை மறக்கவே ஒரு செமஸ்டர் ஆகும்.

சீன மூலிகையின் நிலைமை இன்னும் கறார். ஆயுஷ் பட்டியலில் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா என்கிற திபெத்திய மருத்துவம், ஹோமியோபதி இருக்கின்றன. சீன மூலிகை மருத்துவம் இல்லை. அதனால் புதுச்சேரியில் வாழப்போகிறவர் சீன மூலிகைக்காக நாலு வருடமும் பல லட்சமும் செலவழிப்பது அறிவுக்காக என்றால் சரி, பிழைப்புக்காக என்றால் வேண்டாம். மூலிகைதான் ஆசை, ஊரும் இதுதான் என்றால் சித்தா படியுங்கள்.

பிரான்ஸ் கனவு உள்ளவர்களுக்கு

புதுச்சேரியில் இது தனியாகவே சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் 'பாரிஸில் அக்குபங்சருக்கு நல்ல மவுசாமே' என்று கிளம்புகிறார்கள். மவுசு உண்மைதான். ஐரோப்பாவில் அக்குபங்சரைப் பரப்பியதே சீனாவில் தூதரக வேலை பார்த்துத் திரும்பிய சூலியே தெ மொரான் என்கிற பிரெஞ்சுக்காரர். காதில் ஊசி வைக்கும் முறையை 1950களில் உருவாக்கியவர் லியோன் நகர மருத்துவர் பால் நொஜியே. ஆனால் சட்டப்படி அங்கே அக்குபங்சர் மருத்துவர்களுக்கானது, பல் மருத்துவரும் பேறுகால மருத்துவச்சியும் தங்கள் துறை அளவில் செய்யலாம். மற்றவர் செய்தால் உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்தில் மாட்டலாம். தனியார் பள்ளிகள் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டு சான்றிதழும் கொடுக்கும், அதற்கும் உரிமத்துக்கும் சம்பந்தம் இல்லை. மருத்துவமோ மருத்துவச்சிப் படிப்போ படிக்கத் தயாரென்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அமெரிக்கா

பட்டதாரி நிலைப் படிப்பு என்று சொன்னால் முறையாக, தெளிவாக வரையறுத்து வைத்திருக்கிற நாடு இதுதான். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பு ஏ.சி.ஏ.எச்.எம். அதன் பட்டியலில் இல்லாத கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். அக்குபங்சர் மட்டும் படிக்கிற முதுகலைக்கு நெடுநாளாக இருந்துவரும் குறைந்தபட்ச அளவு மூன்று கல்வியாண்டு, 1,905 மணி நேரம், அதில் 660 மணி நேரம் கிளினிக். சீன மூலிகையும் சேர்ந்தால் நான்கு கல்வியாண்டு, 2,625 மணி நேரம், கிளினிக் மட்டும் 870, மூலிகைப் பாடம் 450. கலிஃபோர்னியா எப்போதும் தனி ராஜ்ஜியம்தான், அங்கே 3,000 மணி நேரப் பாடத்திட்டமும் மாநிலத்தின் சொந்தத் தேர்வும் உண்டு. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை என்.சி.சி.ஏ.ஓ.எம். என்று நெடுநாள் அழைக்கப்பட்ட தேசிய வாரியத்தின் தேர்வுகளைக் கேட்கும்: அடிப்படைக் கோட்பாடு, புள்ளிகளின் இடத்தோடு அக்குபங்சர், நவீன மருத்துவ அறிவு, மூலிகை செய்கிறவர்களுக்கு அதற்கென்று ஒன்று.

சேர்வதற்கு இரண்டு வருட இளங்கலைப் படிப்பு இருந்தாலே போதும் என்பதுதான் அங்கீகார விதி, ஆகவே பி.காம். படித்தவர்கூடச் சேரலாம். ஆனால் உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல் எதுவும் தெரியாமல் போனால் முதல் வருடத்தில் மூச்சு முட்டும். பிசியோதெரபி, நர்சிங், பார்மசி, சித்தா படித்தவர்கள் இங்கே ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு கிரெடிட் மாற்றித் தருவார்களா என்று சேரும்முன்பே கேளுங்கள், வாயால் சொன்னதை நம்பாதீர்கள், மெயிலில் வாங்கி வையுங்கள்.

கிளினிக் பயிற்சி இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் மூத்தவர் செய்வதை ஓரமாக நின்று பார்ப்பது, பிறகு மேற்பார்வையில் நீங்களே செய்வது. அதற்கு முன்னால் சுத்தமான ஊசி முறை என்று ஒரு தனிப் பயிற்சியும் தேர்வும் முடிக்க வேண்டும். கை கழுவுவது, ஊசி வைக்கும் தட்டை எங்கே வைப்பது, பயன்படுத்திய ஊசியைக் கீழே வைக்காமல் நேராகத் துளைபடாத டப்பாவில் போடுவது, குத்தியது பதினாலு என்றால் எடுத்ததும் பதினாலா என்று எண்ணி எழுதுவது. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். நோயாளி சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு முதுகில் ஓர் ஊசி மிச்சம் இருந்தது தெரியவந்தால் அப்போது புரியும். தோள்பட்டை மேட்டில் இருக்கிற ஜிபி 21 புள்ளிக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது, நேராக ஆழமாகக் குத்தினால் நுரையீரல் சுருங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும். உடற்கூறியல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு புள்ளியே பதில்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். சமீப வருடங்களில் அங்கே இந்தத் துறைக் கல்லூரிகள் பல மூடப்பட்டிருக்கின்றன. நடுவில் மூடினால் மாணவர்களை வேறெங்கே மாற்றுவார்கள் என்று கேட்டு வையுங்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கொடுக்கும் அனுமதி கல்லூரிக்கு இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் இருக்காது. படிப்புக்குப் பிறகு கிடைக்கிற 12 மாத வேலை அனுமதியில் பாதி, தேர்வு எழுதி உரிமம் வாங்குவதற்குள் கரைந்துபோகக்கூடும். இந்தத் துறையில் பலரும் சொந்த கிளினிக் வைத்துத்தான் பிழைக்கிறார்கள், விசாவில் இருப்பவருக்கு அது சுலபமில்லை. குடியேறிய குடும்பம் அங்கே இருக்கிறவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். மற்றவர்கள் கடன் வாங்கும்முன் இரண்டு முறை யோசியுங்கள். பொதுத்துறை வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள், அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

சீனா, மற்ற நாடுகள்

பாடத்தின் ஆழத்தில் சீனாவை அடிக்க ஆளில்லை. பெய்ஜிங், ஷாங்காய், நான்ஜிங், செங்டு, குவாங்ஜோ எல்லா இடத்திலும் சீன மருத்துவத்துக்கென்றே பல்கலைக்கழகங்கள், அவற்றோடு பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். இளங்கலை ஐந்து வருடம், முதுகலை பொதுவாக மூன்று. முதுகலையில் சேர அதே துறையில் இளங்கலை வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். சீன அரசின் உதவித்தொகைக்கு முதுகலை என்றால் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில வழி வகுப்புகளும் சில இடங்களில் உண்டு, ஆனால் வார்டில் படுத்திருக்கிற பாட்டி ஆங்கிலத்தில் பேசமாட்டார். எச்.எஸ்.கே. என்கிற சீனமொழித் தேர்வில் நாலாம் நிலை, ஐந்தாம் நிலை வரை படிக்காமல் போகிறவர் பாதிப் படிப்பை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். இன்றைக்குத் தொடங்கினால்கூட அந்த நிலைக்கு வர ஒன்றிரண்டு வருடம் ஆகும், அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'சீன மருத்துவப் பட்டம் வாங்கி வாருங்கள், எஃப்.எம்.ஜி.இ. (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தேர்வு) எழுதி இங்கே டாக்டர் ஆகிவிடலாம்' என்று எவராவது சொன்னால் அவரிடம் 2021ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய விதிகளைப் படித்தீர்களா என்று கேளுங்கள். அது 54 மாத ஆங்கில வழி எம்.பி.பி.எஸ். நிகர் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் கேட்கிறது. சீன மருத்துவப் பட்டம் அதில் சேராது.

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் சீன மருத்துவத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. அக்குபங்சர் செய்கிறவர், மூலிகை கொடுக்கிறவர், மூலிகை மருந்து கட்டித் தருகிறவர் என்று தனித்தனிப் பிரிவு. ஒழுங்கு விரும்புகிறவர்களுக்கு அந்த ஊர் பிடிக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று யோசிப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். இரண்டு நாட்டிலும் இதற்குச் சட்டமும் பதிவும் உண்டு, ஆனால் படிப்பில் கணிசமான பகுதி சீன மொழியில்தான் நடக்கும். மாமா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்பது மட்டும் போதுமான காரணம் இல்லை.

கிளம்பும் முன் இங்கேயே செய்ய வேண்டியவை

புள்ளி கண்டுபிடிக்கப் பழகுங்கள், ஊசி வேண்டாம், பேனா போதும். எஸ்டி 36 என்கிற புள்ளியை எடுத்துக்கொள்வோம். அம்மாவையோ தம்பியையோ நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தட்டுப்படும். அங்கிருந்து நான்கு விரல் அகலம் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அந்த விரல் உங்களுடையதாக இருக்கக் கூடாது, உட்கார்ந்திருப்பவருடையதாக இருக்க வேண்டும். உயரமான தம்பிக்கும் குள்ளமான பாட்டிக்கும் அளவு அவரவர் உடம்பிலிருந்துதான் வரும், இதைத்தான் சுன் அளவு என்கிறார்கள். அங்கே அழுத்தினால் ஒரு மந்தமான வலி தெரியும். ஒரே காலில் பத்து நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள், பேனாப் புள்ளி அதே இடத்தில் விழுகிறதா என்று. மொத்தம் 361 புள்ளிகள், தேர்வில் இப்படித்தான் அளக்கச் சொல்வார்கள்.

மூலிகைக்குப் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள், கடலூரில் இருப்பவர்கள் திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதிமதுரம், சுக்கு, திப்பிலி, கோரைக்கிழங்கு, மஞ்சள், பட்டை, வல்லாரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள். இவை எல்லாமோ இவற்றின் நெருங்கிய சொந்தங்களோ சீனப் பட்டியலிலும் இருக்கின்றன. பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தடிமனாக, ஒரே சுருளாக, உடைக்கக் கஷ்டமாக இருந்தால் அது காசியா, பிரியாணிக்கு மலிவாக விற்பது அதுதான். சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கடுக்காக இருந்தால் இலங்கைப் பட்டை. சமையலில் இலங்கைப் பட்டைக்குத்தான் மதிப்பு, சீன மருத்துவத்திலோ காசியாதான் சரியான சரக்கு. அதிலும் தண்டுப் பட்டைக்கு ஒரு வேலை, இளங்குச்சிக்கு வேறு வேலை. பச்சை இஞ்சியும் சுக்கும் அங்கேயும் இரண்டு மருந்து. சித்த மருந்துக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சுலபமாக ஏறும், ஆனால் நம் குணபாடத்தை, அதாவது சித்த மருத்துவத்தின் மருந்துச் சரக்கு நூலை, அப்படியே தூக்கி அங்கே வைத்துவிடாதீர்கள், சேர்மானமும் அளவும் வேறு.

ஆபத்தையும் இதே கடையில் கற்றுக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கக் கொடுத்த மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்துப்போகிற இன்னொன்று, அரிஸ்டோலோக்கியா இனச் செடி, கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்துச் செடி நமக்குப் புதிதில்லை, ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே குடும்பம்தான். ஆகவே மூலிகைப் படிப்பில் தாவரவியல் பெயரோடு சரக்கை அடையாளம் காணும் ஆய்வக வகுப்பு இருக்கிறதா என்று கல்லூரியிடம் கேளுங்கள், பெட்டியில் பொடி வந்து இறங்குகிறது, அளந்து கொடுக்கிறோம் என்றால் யோசியுங்கள். மருந்தோடு மருந்து மோதுவதும் பாடத்தில் இருக்க வேண்டும். அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும், அது ஏகப்பட்ட சீனக் கஷாயங்களில் இருக்கிறது. டான்ஷென் என்ற வேர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடலாம். நீங்கள் எந்த ஊரில் கிளினிக் வைத்தாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரைப் பையோடுதான் வருவார்கள்.

கல்லூரியை நேரில் பார்க்க முடியாவிட்டால் கடைசி வருட மாணவர் ஒருவரோடு வீடியோவில் பேசுங்கள். கல்லூரி கொடுக்கிற எண்ணை விட, நீங்களே தேடிப்பிடித்த எண் நல்லது. கிளினிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி வருகிறார்கள், ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர், முதல் முறையிலேயே தேர்வில் தேறியவர் எத்தனை சதவீதம், முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது இதே தொழிலில் இருக்கிறார்கள். இந்த நாலுக்கும் நேரான பதில் வராத இடத்தில் கட்டிடமும் தோட்டமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

காகித வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் உங்கள் பட்டத்தை வெளி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் அனுப்பச் சொல்லும், அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும். புதுச்சேரிக் கல்லூரியில் படித்தவர்களுக்குக் காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகம் பக்கம்தான். கடலூர் அரசுக் கல்லூரிகளில் படித்தவர்கள் தாங்கள் சேர்ந்த வருடத்தைப் பாருங்கள், பழைய பட்டம் என்றால் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், பிந்தையது என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், ஆதார் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். சான்றொப்பத்துக்கு அப்போஸ்டில் என்கிற வெளியுறவுத் துறை முத்திரை போதுமா, தூதரக முத்திரையும் வேண்டுமா என்பதை நாட்டுக்கு நாடு கேட்டு, சேர்க்கை அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.